வடமாலப்பேட்டை தாண்டி ஒரு புளியமரம்

திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஏறியவர்களுக்குத் தெரியும், அதில் உட்காருவது என்பது ஒரு பேச்சுக்குத்தான். பாதி உடம்பு சீட்டில், மீதி பக்கத்து ஆள் மேல். போன வாரம் அப்படித்தான் நானும் என் அக்கா மகள் சுலக்ஷணாவும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். லீவுக்கு என்னிடம் வந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புத்தூரில் இருக்கும் அவள் அம்மாவிடம் கொண்டுபோய் விட வேண்டும். சித்தி கடமைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரிடி என்றால் கேட்கிற பிள்ளையா அது? ஆட்டோவிலேயே பெட்டியைத் திறந்துவிட்டாள்.

குப்பென்று அடித்தது புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை. பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் வெட்கமில்லாமல் இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். சிலருக்கு மல்லிகை, எனக்கு இது.

சுலக்ஷணா ஒரு கையில் ஷூவும் இன்னொரு கையில் என் போனுமாக இருந்தாள். ஜாதகம் சொல்கிற ஏதோ ஒரு ஆப். பேரை அடித்தாள், பிறந்த தேதியை அடித்தாள், அப்புறம் நிமிர்ந்தாள்.

"சின்னம்மா, நா எத்தன மணிக்குப் பொறந்தேன்?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"வடமாலப்பேட்ட தாண்டி."

"அய்யே, அது எனக்கே தெரியும். டைம் சொல்லு. டைம் போடலன்னா இது உள்ளயே வுட மாட்டேங்குது."

"பஸ்ஸுல போவும்போது காட்டுறேன், சும்மா இரு." மணியை எப்படிக் காட்டுவாய் என்று அவள் கேட்கவில்லை, நான் பிழைத்தேன்.

இந்த வாசனையில் சில வருஷம் முங்கிக் கிடந்தவள் நான். டிகிரி முடித்த கையோடு போய்ச் சேர்ந்தது சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஊரில் ஆபீஸ் வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், பசை போட்டு ஒட்டிய அடிப்பாகம் நிற்கிறதா, பிய்கிறதா என்று இழுத்துப் பார்க்கிற வேலை. காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை ஷூவோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நான் குனிந்து ஒரு ஷூவை மும்முரமாக இழுத்தேன். பக்கத்தில் இருந்த பாவி என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். அப்படித்தான் நான் சுலாஸ்த்ரி அக்காவுக்குப் பேச்சுத் துணையானேன்.

சுலாஸ்த்ரி அக்கா ஜாவாவிலிருந்து வந்தவர். அங்கே ஷூ கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவரை, எங்கள் பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வரவழைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். குட்டை உருவம், தலையைச் சுற்றித் துணி, சிரித்தால் கண் காணாமல் போகும். "இந்தோனேசியா மேடம்" என்று யாராவது கூப்பிட்டால், "நான் ஜாவா" என்று திருத்துவார். வீட்டில் பேசுவது ஜாவா மொழி, பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் இந்தோனேசிய மொழியாம். இதைக் கேட்டதும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. நாங்கள் மட்டும் என்ன? வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டையில் எது முதலில் வாய்க்கு வருகிறதோ அது. அவருடைய ஓட்டை இங்கிலீஷும் என்னுடைய ஓட்டை இங்கிலீஷும் நன்றாகவே ஒத்துப்போயின. என்னை 'ண்டுக்' என்று கூப்பிடுவார். சின்னப் பெண்ணை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பசை தடவிய உடனே ஒட்டினால் வழுக்கும். காய விட்டால் பிடிக்காது. இடையில் ஒரு பதம் இருக்கிறது. அதற்கென்று, நாங்கள் வரிசையாக நின்று வேலை பார்க்கும் லைனில் ஒரு மணி அடிக்கும். அக்கா அந்த மணியைச் சட்டை பண்ணவே மாட்டார். விரலின் பின்பக்கத்தால் பசையை லேசாகத் தொட்டுப் பார்த்து, "வயாஹே" என்பார். அதற்கு வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். மழைநாளில் அந்த வேளை தாமதமாக வரும், வெயிலில் ஓடி வரும். கொஞ்ச நாளில் லைன் பெண்கள் எல்லாரும் "வயாஹே, வயாஹே" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்கும் அதே கூவல்தான்.

பசைக்கு இவ்வளவு வேளை பார்க்கிறவர், கம்பெனி பஸ்ஸுக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார். கேட்டால், "எங்கள் ஊரில் கடிகாரம் ரப்பரில் செய்தது, இழுத்தால் நீளும்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். காலம் நடந்துதான் போகும், நாம் ஏன் ஓட வேண்டும் என்றும் கேட்பார். 'செசுக்' என்றால் நாளைக்கு என்று சொல்லிக்கொடுத்தார். ஆனால் அது எந்த நாளை என்று மட்டும் கேட்கக் கூடாது. அடுத்த வருஷமாகவும் இருக்கலாம்.

ஒருநாள் மீட்டிங்கில் மேனேஜர், கஷ்டகாலத்தையெல்லாம் பின்னால் விட்டுவிட்டோம் என்று இங்கிலீஷில் முழங்கினார். வெளியே வந்ததும் அக்கா என் காதைக் கடித்தார். "பின்னால் இருப்பது இனிமேல் வரப்போவது அல்லவா? இந்த ஆள் ஏன் சந்தோஷப்படுகிறார்?" ஜாவாவில் வருங்காலத்தைப் பின்பக்கம் என்றுதான் சொல்வார்களாம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அட, நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! முன்னாடி நடந்தது, பின்னாடி பார்த்துக்கலாம். பிறந்ததிலிருந்து பேசுகிறேன், ஒருநாள்கூட யோசித்ததில்லை. நடந்து முடிந்தது முகத்துக்கு எதிரே தெரிகிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்து வருகிறது என்று அவர் நடந்தே காட்டினார். ஆனால் அடுத்த மாதத்தை மட்டும் முன்னால் இருக்கிற மாதம் என்பார்களாம். அது ஏன் என்றால், "சம்பள தேதி கண்ணுக்குத் தெரியுமே" என்றார். இவரை நம்புவதா வேண்டாமா என்றே எனக்குப் புரியவில்லை.

இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் ஊருக்குப் போனால் நைனாவிடம் சொல்வேன். நேரம் காலம் என்றால் என் நைனாவுக்குக் காது நீளும். எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். இறங்கி நடந்தால் தமிழ்நாடு. வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். பள்ளிப்பட்டு மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்த் தினசரிக் காலண்டர் ஒன்று, கார்வேட்டிநகரம் உரக்கடையில் கொடுத்த தெலுங்குக் காலண்டர் ஒன்று. தமிழ்க் காலண்டர் ராகு காலம், எமகண்டம், குளிகை என்று விலக்கும். தெலுங்குக் காலண்டர் அது பாட்டுக்கு வர்ஜ்யம், துர்முகூர்த்தம் என்று வேறு நேரங்களை விலக்கும். ஊரில் மற்றவர்கள் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்க மாட்டார்கள். நைனா இரண்டுக்கும் கட்டுப்பட்டவர். அப்புறம் ஒரு நாளில் மிச்சம் என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்கள். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால் பரஸ்தானம் வைப்பார். அதாவது, குடையையோ துண்டையோ நல்ல நேரத்திலேயே எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எப்போது வேண்டுமானாலும் போகலாம். வேலூருக்குப் போக எங்கள் நைனாவின் குடை முந்தின நாளே புறப்பட்டுவிடும்.

சிரித்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் அவரும் எல்லாரையும் போல ஏனோதானோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். என் அக்கா கோமளாவின் முதல் பிரசவத்தின்போது, வலி வந்ததும் பதறிப்போய் ராகு காலத்திலேயே அவளை ஆட்டோவில் ஏற்றினார். குழந்தை தக்கவில்லை. பி.பி. ஏறிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். நைனாவின் காதில் அது ஏறவே இல்லை. "என் கையாலதான்மே ஏத்தினேன், ராவு காலத்துல" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார். இரண்டாவது காலண்டர் அதற்குப் பிறகுதான் சுவருக்கு வந்தது.

அக்கா மறுபடி உண்டானாள். இந்த முறை திருப்பதி ஆஸ்பத்திரியில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார். வலி தொடங்கினால் உடனே புறப்பட்டு வர வேண்டும், உட்கார்ந்திருந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இன்னும் நாள் இருக்கிறது என்பதால் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார். அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுலாஸ்த்ரி அக்காவை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன். கம்பெனி வண்டியில், வழக்கம்போலத் தாமதமாக, வந்து இறங்கினார். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்துக் கைதட்டினார். "உங்கள் வீட்டிலும் இரண்டா!" ஜாவாவில் ஏழு நாள் வாரத்தோடு கூடவே ஐந்து நாள் சந்தை வாரம் ஒன்றும் ஓடுகிறதாம். யார் பிறந்த நாளைச் சொன்னாலும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். அவர் இந்தியாவுக்கு விமானம் ஏறிய நாளைக்கூட அவர் அம்மா அப்படிக் கணக்குப் பார்த்தாராம். நான் எடுத்துச் சொன்னதும் நைனாவுக்கு உச்சி குளிர்ந்தது. "நம்ம மாதிரிதான்மே கீறாங்க இவங்களும்" என்று அம்மாவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

அம்மா மீன் குழம்பு ஊற்றி, "துன்னும்மா, நல்லா துன்னு" என்று சுலாஸ்த்ரி அக்காவின் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். கோமளா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தாள். அவள் முகம் மாறியதை முதலில் பார்த்தது அம்மாதான்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல... இல்ல, வலிக்குது."

வண்டி வாசலிலேயே நிற்கிறது. டிரைவர் ஈஸ்வரய்யா அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். நான் பையைத் தூக்கிவிட்டேன். நைனா நேராகச் சுவருக்குப் போனார்.

"எமகண்டம். ஒன்ற வரைக்கும் இரு."

கொஞ்ச நேரம்தானே, வலியும் லேசாகத்தான் இருக்கிறது என்று நாங்களும் இருந்தோம். எமகண்டம் முடிந்ததும் தெலுங்கு வர்ஜ்யம் தொடங்குவதற்குள் சின்ன இடைவெளி ஒன்று இருந்தது. அதில் ஏறிவிட வேண்டும் என்று நைனா வாட்சும் கையுமாக வாசலில் நின்றார். நேரம் பார்த்து அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அம்மா அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். வாந்தி நின்று, முகம் கழுவி, புடவை மாற்றி, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது நைனா குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"முடிஞ்சிபோச்சி. வர்ஜ்யம் வந்துடுச்சி."

"நைனா, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"இன்னொரு தபா என் கையால தப்பான நேரத்துல ஏத்த மாட்டேன். அவ்ளோதான்."

மாமாவுக்குப் போன் போட்டால், பஸ் ஏறிவிட்டேன், நீங்கள் புறப்படுங்கள் என்று கத்துகிறார். ஈஸ்வரய்யா வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். அக்கா தரையில் கையை ஊன்றி, வலி வரும்போதெல்லாம் அம்மாவின் புடவையை முறுக்கினாள். முறுக்குவதற்கும் முறுக்குவதற்கும் இடையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நைனா இரண்டு காலண்டருக்கு நடுவில் கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

வர்ஜ்யம் முடிந்தது. ஆனால் அதற்குள் தமிழ்க் காலண்டரில் குளிகை வந்துவிட்டது. குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நகை வாங்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. குளிகை முடிந்தால் ராகு காலம்.

"ஆறு மணிக்குப் பொறப்படலாம்," என்றார் நைனா.

அப்போதுதான் அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஈரம் புடவையைத் தாண்டித் தரையில் பரவியது. சுலாஸ்த்ரி அக்கா அதுவரை விருந்தாளியாக ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவர், வந்து உட்கார்ந்து கோமளாவின் வயிற்றில் விரலின் பின்பக்கத்தை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"வயாஹே," என்றார்.

நான் நைனாவைப் பார்த்தேன். என் வேலையே அதுதானே, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது. "நைனா, வேள வந்துடுச்சின்றாங்க."

"நேரம் இன்னும் வரலன்னு சொல்லு அந்தம்மாகிட்ட."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "யார் வூட்டு நேரம் நைனா வரல? செவுத்துல தொங்குற நேரமா? அவ வயித்துல கீற நேரம் வந்துடுச்சி! உனக்கு இவ வேணுமா, அந்தக் காலண்டர் வேணுமா?" அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. நைனா போய் வாசலுக்குக் குறுக்கே மறுபடி கையை நீட்டினார்.

அக்கா எழுந்தாள். அம்மா பிடிக்கப் போனதை உதறிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசற்படி வரைக்கும் வந்து, காலால் கீழே துழாவினாள்.

"என் செருப்பு எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. நான் இங்கிலீஷில் கேட்டதும் சுலாஸ்த்ரி அக்கா வண்டியைக் காட்டினார். எப்போது வைத்தீர்கள் என்றேன். எமகண்டம் முடிந்து எல்லாரும் கிளம்பத் தயாரானபோதே எடுத்து வைத்துவிட்டாராம். வெறுங்காலோடு ஆஸ்பத்திரியில் எப்படி நடப்பாள் என்று நினைத்தாராம். ஷூ கம்பெனிக்காரர், அவருக்கு முதலில் கால்தான் ஞாபகத்துக்கு வரும். பரஸ்தானம் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் சொன்னதை அக்கா கேட்டாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நைனாவைப் பார்த்தாள்.

"நைனா, என் செருப்பு நல்ல நேரத்துலயே ஏறிடுச்சி. பரஸ்தானம் ஆயிடுச்சி. நா எப்பவோ பொறப்பட்டுட்டேன்."

"செருப்பையா... பரஸ்தானம் வெப்பாங்க?" என்றார் நைனா. அந்த நிலைமையிலும் அவருக்குச் சந்தேகம். கோமளா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நைனா கையை இறக்கினார். அப்புறம் அவரே ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்தார்.

முன்சீட்டில் ஈஸ்வரய்யாவோடு நைனா. நடுவில் அம்மா, அக்கா, சுலாஸ்த்ரி அக்கா. கடைசியில் பையோடு நான். கார்வேட்டிநகரம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மாட்டிக்கொண்டது. அகல ரோடு இல்லை. லோடு இரண்டு பக்கமும் பிதுங்கி ஆடுகிறது. ஈஸ்வரய்யா ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் தெலுங்கில் அந்த டிராக்டரின் வம்சத்தையே இழுத்தார். புத்தூர் வந்தபோது இங்கேயே நிறுத்தலாமா என்று அம்மா கேட்டாள். ரத்தமும் மருந்தும் திருப்பதியில்தான் தயாராக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தாத, போ" என்றாள்.

எனக்கு நைனாவின் பிடரியும், மேல் கைப்பிடியைப் பற்றியிருந்த அவர் கையும், அதில் வாட்சும் தெரிந்தன. அவர் திரும்பவே இல்லை. பெண்கள் சமாசாரம், ஆம்பளை திரும்பக் கூடாது. ராகு காலம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வடமாலப்பேட்டை தாண்டியதும் அக்கா போட்ட கத்தலில் ஈஸ்வரய்யா தானாகவே ஓரங்கட்டினார். பெரிய புளியமரம் ஒன்றின் நிழல். அவர் இறங்கி ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அம்மா, "தள்ளும்மா, தள்ளு" என்று அழுதுகொண்டே சொன்னாள். சுலாஸ்த்ரி அக்கா தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் விரித்தார். அவர் தலைமுடியை அன்றைக்குத்தான் பார்த்தேன், பாதி நரைத்திருந்தது. குழந்தை அந்தத் துணியில்தான் வந்து விழுந்தது.

சத்தம் இல்லை.

அம்மா வாயைத் துடைத்தாள். சுலாஸ்த்ரி அக்கா பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தார். அவர் உதடு ஜாவா மொழியில் என்னவோ முணுமுணுத்தது. அக்கா, "ஏன் அழல? ஏம்மா அழல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போன முறையும் அவள் இதையேதான் கேட்டாளாம். குளிகை, குளிகை, திரும்ப நடக்கும் என்று அந்தப் பாழாய்ப்போன காலண்டர் என் தலைக்குள்ளும் ஓடியது. நைனா அப்போது திரும்பினார். சீட்டின் மேல் முழங்காலைப் போட்டு, சின்னப் பையன் மாதிரி முழுசாகப் பின்பக்கம் திரும்பி, அந்தப் பிள்ளையையே பார்த்தார்.

அது அழுதது. முதலில் பூனைக்குட்டி போல ஒரு சிணுங்கல், அப்புறம் காதைக் கிழிக்கிற கத்தல். வெளியே ஈஸ்வரய்யா, "கோவிந்தா!" என்று கூவியது கேட்டது.

ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்ற இரண்டு நாள் போராடினார்கள். காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது என்று நர்ஸ் கேட்டார். வண்டியில் அத்தனை பேரிடமும் போன் இருந்தது, நைனா கையில் வாட்சு இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. சுலாஸ்த்ரி என்ற பேரில் பாதியை எடுத்துத்தான் சுலக்ஷணா என்று வைத்தோம்.

ஜாதகம் எழுத வந்த ஜோசியர் விடவில்லை. "ராவு காலம் வந்துடுச்சா, இல்ல அதுக்கு முன்னயா? அதையாச்சும் சொல்லுங்க. வாட்ச பாத்துக்கினே வந்தீங்களாமே?"

நைனா நிதானமாகத்தான் சொன்னார். "வாட்சு கையிலதான் இருந்திச்சி. நா பின்னாடி திரும்பிக்கினு இருந்தேன்."

ஜோசியர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் முடிந்ததும் இரண்டு காலண்டரும் இறங்கின. புதுசு கொடுத்தபோது நைனா வாங்கி வந்தார், ஆனால் மாட்டவில்லை. பஸ்ஸில் திருப்பதி போகும்போதெல்லாம், வடமாலப்பேட்டை தாண்டியதும் பேத்தியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவார். "அதோ பாரு, உன் மரம்." அவளும் கையசைப்பாள்.

கம்பெனியில் அந்த லைனையே எடுத்துவிட்டார்கள். சுலாஸ்த்ரி அக்கா ஊருக்குக் கிளம்பியபோது சென்னை ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி வருவேன், செசுக் என்றார். எந்த நாளை என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச காலம் பண்டிகைக்குப் பண்டிகை போனில் படம் அனுப்பினார். அப்புறம் அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. நைனாவும் போய்விட்டார். என்ன நேரத்தில் போனார் என்பது எனக்கு நிமிஷம் தவறாமல் தெரியும், ஆனால் அது யாருக்கு வேண்டும்? நான் இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து, அறையைக் காலி பண்ணும் நேரத்துக்காக யாத்திரீகர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சுலக்ஷணா ஷூவை மாட்டிக்கொண்டுவிட்டாள், போனைப் பிடித்துத் தயாராக இருந்தாள். திருப்பதியிலிருந்து போனால் மரம்தான் முதலில் வரும், வடமாலப்பேட்டை அப்புறம்தான். நான் கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்தேன். ரோட்டை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கமும் மரங்களை வெட்டியது தெரியும். ஆனாலும் இடம் தெரியாமலா போய்விடும் என்று நினைத்தேன். ஒரு வளைவு உண்டு, ஒரு கிணற்று மேடு உண்டு. வளைவை நேராக்கியிருந்தார்கள். டிவைடர் நடுவில் அரளிச்செடி, அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க், இந்தப் பக்கம் மண்ணே தெரியாத புது ரோடு. பஸ் நடக்கவில்லை, பறந்தது. இதுவா, இல்லை, அதுவா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடமாலப்பேட்டை போர்டு வந்துவிட்டது.

"தாண்டிட்டோமா சின்னம்மா?"

"தாண்டிட்டோம்டி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி வுடு, அழாத. இப்ப இன்னா டைமோ அதையே போட்டுட்டேன்." ஆப் அவளை உள்ளே விட்டுவிட்டது. அவள் குனிந்து தன் ராசிபலனைப் படிக்க ஆரம்பித்தாள்.

நான் சீட்டில் முழங்காலைப் போட்டுப் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். மரம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.